செவ்வாய்க்கிழமைக் கட்டம்

அவன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். அலாரம் அடிப்பதற்கு முன்பே அதை அணைத்தான். பல் துலக்கினான். முகம் மழித்தான், மோவாயில் எப்போதும் விட்டுப்போகும் இடத்தை இன்னொரு முறை இழுத்தான். குளித்தான். தேய்த்து மாட்டியிருந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டான். தண்ணீர் பாட்டிலை நிரப்பினான். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து எடைக்கற்கள் இருந்த மரப்பெட்டியை எடுத்தான். மூடியைத் திறந்து, பெரியதிலிருந்து சிறியதுவரை எண்ணிப் பார்த்து, வெள்ளைக் கையுறைகளை மேலே மடித்து வைத்து மூடினான். ஷூ கயிற்றைக் கட்டினான். கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"மாப்ள."

கூடத்து நாற்காலியில் மனைவியின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இரவு முழுக்க அங்கேயே இருந்திருக்க வேண்டும். பஸ் ஓட்டுபவர், உட்கார்ந்தபடி விழித்திருப்பது அவருக்குப் பழக்கம்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

அவன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான்.

"தெரியல மச்சான்."

"பதினோரு மணிக்குத்தான் அவளைக் கொண்டு வருவாங்க. ஷூவைக் கழட்டுங்க."

அவன் பெட்டியைக் கீழே வைத்து, குனிந்து கயிற்றை அவிழ்த்தான்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு அவன் வேலைக்குப் போனபோது அவள் நன்றாக இருந்தாள். பதினோரு மணிக்குக் கீழ்வீட்டு டெய்லர் அக்கா துணி கொடுக்க மேலே வந்து, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன பால்கனியில் அவள் கிடப்பதைப் பார்த்தார். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். வலி தெரிந்திருக்காது என்றும் சொன்னார். அதை எப்படி அளந்தார் என்று அவன் கேட்கவில்லை.

சமையலறையில் அத்தை சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். சுவரில் கட்டம் போட்ட காலண்டர் தொங்கியது. அதன் ஆணியிலிருந்து நூலில் ஒரு பென்சில். ஒவ்வொரு கட்டத்திலும் மகளின் கையெழுத்தில் ஒரு எண் இருந்தது. மூன்று. மூன்று. இரண்டு. நான்கு. அத்தை முந்தைய மாதங்களின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பின்னால் வந்து நின்ற மச்சான் கேட்டார். "இது என்ன மாப்ள, தேதிவாரியா நம்பர்? மாத்திரை ஏதாவது சாப்பிட்டாளா?"

"இல்ல. பூனைக்கு."

"பூனைக்கு என்ன?"

"எத்தனை தடவை அவ தடவினாள்னு."

சொன்ன பிறகு அவனுக்கே அது நம்பும்படியாக இல்லை. மச்சான் தன் அம்மாவைப் பார்த்தார். அத்தை காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய தாள் ஒன்றில் ஒரு வரிசையின் மேல் விரலை வைத்தார்.

"இந்த வாரம் பூரா சைபர் போட்டிருக்கா. என்ன ஆச்சு இந்த வாரம்?"

அவனுக்கு அந்த வாரம் தெரியும்.

"நான் அடிச்சேன்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரை?" மச்சானின் குரல் மெதுவாக இருந்தது. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அவன் கேட்டதில்லை.

"பூனையை. பேப்பரைச் சுருட்டி."

அத்தை விரலை எடுத்துக்கொண்டார்.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில், அடையாளம் காட்டச் சொல்லிப் போர்வையை விலக்கியபோது, ஒரு கை வெளியே சரிந்தது. முழங்கைக்குக் கீழே கோடுகள். பழையவை வெளுத்தும், புதியவை பழுப்பேறியும். மணிக்கட்டில் இரண்டு புள்ளிகள். அத்தை அந்தக் கையை எடுத்து உள்ளே வைத்தார். அழுகையை நிறுத்தியது அப்போதுதான். அதற்குப் பிறகு அவனிடம் அவர் பேசியது இன்று காலைதான்.

"நேத்தே கேக்கணும்னு இருந்தேன்," என்றார் இப்போது. "கை பூரா கோடு கோடா இருந்ததே."

"பூனை கீறினது, அத்தை."

"பூனையைப் பத்தி என்கிட்டயும்தான் சொல்லியிருக்கா. ஞாயித்துக்கிழமை தவறாம சொல்லுவா. மடியில வந்து படுத்துக்குது, காலைச் சுத்தி சுத்தி வருது, குழந்தை மாதிரின்னு. கடிக்குது, கீறுதுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல."

"ஓஹோ," என்றார் மச்சான்.

கூடத்து மேசையின் இழுப்பறையில் தடுப்பூசிச் சீட்டு இருந்தது. முதல் கடிக்கு அவள் போட்டுக்கொண்ட ஊசிகளின் தேதிகள், கீழே முத்திரை. பூனைக்குப் போட்ட ஊசியின் அட்டையும் பக்கத்திலேயே இருந்தது. எடுத்து நீட்டினால் முடிந்தது. அவன் பிழைப்பே அதுதான். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைத்துச் சீட்டு கொடுப்பான். ஆனால் அவன் இழுப்பறைப் பக்கம் போகவில்லை. அவளுடைய அம்மாவுக்குச் சீட்டு காட்டுவதா?

பூனை அந்த வீட்டுக்கு வந்தது எட்டு மாதத்துக்கு முன்பு. சாம்பல் நிறம், இடது காது பாதிதான் இருக்கும். பால்கனிக் கம்பி வழியாக நுழைந்து, சமையலறை, கூடம், படுக்கையறை என்று ஒவ்வொன்றாகப் பார்வையிட்டுவிட்டு அவள் காலில் தலையை முட்டியது. "உங்க மேலதிகாரி வந்திருக்காரு, வந்து வணக்கம் வைங்க" என்று அவனைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து அதன் பெயர் அதிகாரி.

அதிகாரி பாசமானவர். அதில் சந்தேகமில்லை. தானாக வந்து உரசும், உறுமலும் பாட்டுமாக ஒரு சத்தம் போடும், கண்ணை மூடிக்கொள்ளும். அவள் தடவுவாள். திடீரென்று அதே கையை நான்கு காலாலும் கட்டிப்பிடித்துப் பல்லைப் பதிக்கும். முதல் தடவை அவள் கத்திவிட்டாள். அடுத்த நாளும் வந்து அதே காலில் அதே தலையை முட்டியது.

அவன் தோல் கையுறை வாங்கி வந்தான். அவன் தொழிலில் வெறுங்கை தப்பு. சோதனை எடைக்கல்லை விரலால் தொடக்கூடாது. வியர்வை ஒட்டினாலே எடை மாறும். ஆனால் கையுறையைப் பார்த்ததும் அதிகாரி முதுகை வில்லாக வளைத்துச் சீறினார்.

"கையுறையைக் கழட்டுங்க. யார் கைன்னே அதுக்குத் தெரியல."

"கழட்டினா கடிக்கும்."

"கடிக்கறதுக்கு முன்னாடி அது நமக்குச் சொல்லுது. நமக்குத்தான் கேக்கல."

அவள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தாள். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது கைகள். முகத்தைப் பார்க்காமலே யார் மயங்கப் போகிறார், யார் கையை வெடுக்கென்று இழுக்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். பூனையையும் அப்படித்தான் பார்த்தாள். பத்து நாள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: முதலில் வால் நுனி மட்டும் அசையும். பிறகு முதுகுத் தோல் அலை மாதிரி நெளியும். பிறகு காது பின்னால் திரும்பும். அதற்குப் பிறகுதான் பல்.

"வால் நுனி ஆடினதும் கையை எடுத்துடணும். அவ்வளவுதான். போதும்னு அது சொன்னா போதும்."

"கடிச்சிட்டா?"

"கையை இழுக்கக்கூடாது. இழுத்தாதான் கிழியும். மரக்கட்டை மாதிரி அப்படியே வெச்சிருக்கணும். கத்தவும் கூடாது. அதுவே விட்டுடும்."

காலண்டரில் எண் போட ஆரம்பித்தது அப்போதுதான். வால் ஆடுவதற்கு முன் எத்தனை தடவல். முதல் மாதம் மூன்றைத் தாண்டவில்லை. அவளுடைய கையில் பூனை மயிரோ மீனோ இருக்கும் என்பதால் சில நாள் அவன்தான் எழுதுவான். அதில் தினமும் தகராறு. தராசு முள் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றால் கீழே இருப்பதைத்தான் எழுத வேண்டும் என்பது அவன் வழக்கம். கடைசித் தடவலின்போது வால் லேசாக அசைந்திருந்தால் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டான்.

"அஞ்சுங்க."

"நாலு. அஞ்சாவதுல ஆடிச்சு."

"ஈ உக்காந்துச்சு, அதுக்கு ஆடினது."

"நாலு."

"பாவி. அதிகாரியை விட மோசம் நீங்க."

பேப்பரால் அடித்தது நான்காவது மாதம். அன்று அவள் மணிக்கட்டில் பல் ஆழமாக இறங்கியிருந்தது. அவன் யோசிக்கவில்லை. மேசையிலிருந்த செய்தித்தாளைச் சுருட்டி இரண்டு அடி போட்டான். பூனை சோபாவுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் மணிக்கட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"அடிச்சா கடிக்கறத நிறுத்தாது. சொல்லிட்டுக் கடிக்கறத நிறுத்திடும்."

அந்த வாரம் முழுக்க அவள் சைபர் எழுதினாள். ஏழு சைபர். ஒவ்வொன்றையும் அழுத்தி வட்டமாக எழுதினாள். அவனிடமும் அதிகம் பேசவில்லை. எட்டாவது நாள் ஒன்று என்று எழுதிவிட்டுச் சிரித்தாள்.

ஏழரைக்கு டெய்லர் அக்கா பிளாஸ்கில் டீ கொண்டு வந்தார். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு மச்சானிடம் சொன்னார்:

"கூண்டுக்காரருக்குச் சொல்லியாச்சு. பத்து மணிக்கு வந்துடறேன்னாரு. நல்லவேளை, அவளைக் கொண்டு வர்றதுக்குள்ள பிடிச்சிடலாம்."

"எதுக்குக் கூண்டு?" என்று அவன் கேட்டான்.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா தம்பி? நேத்து நான் வந்தப்போ அது அவ நெஞ்சுக்குப் பக்கத்துல உக்காந்திருந்துச்சு. யாரையும் கிட்ட விடல. ஆம்புலன்ஸ்ல வந்த பையன் ஸ்ட்ரெச்சரை வெச்சான் பாருங்க, பாஞ்சு கையைப் பிடுங்கிடுச்சு. ரத்தம். போர்வையைப் போட்டு அமுக்கித்தான் தள்ளினோம். இன்னிக்கு நாலு பேர் வந்து போற இடம். சின்னக் குழந்தைங்க வரும்."

"அதை எங்க கொண்டுபோய் விடுவாங்க?"

"எங்கயோ. ஆத்துக்கு அந்தப் பக்கம்."

மச்சான் டம்ளரை வைத்தார். "போகட்டும் மாப்ள. அந்தச் சனியனை இன்னும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

அத்தை டீயைத் தொடவில்லை. அவர் அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கைகளில் ஒரு கோடுகூட இல்லை. பூனை இருக்கும் வீட்டில் எட்டு மாதம் இருந்தவனின் கை. அவர் என்ன நினைக்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. பூனை போய்விட்டால் அந்த நினைப்பு அப்படியே இருந்துவிடும் என்பதும் புரிந்தது. மகளின் நினைவோடு சேர்த்து அதையும் அவர் பஸ்ஸில் ஊருக்கு எடுத்துப்போவார்.

ஒன்பது மணிக்கு மேல் பால்கனிக் கம்பியில் சத்தம் கேட்டது.

அதிகாரி வந்தார். நேற்றுக் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை, வயிறு ஒட்டியிருந்தது. பால்கனித் தரையில் ஒரு இடத்தை முகர்ந்தது. சுற்றி வந்தது. மறுபடி அதே இடத்தை முகர்ந்தது. பிறகு சமையலறை வாசலில் நின்று கத்தியது. பசிக்குக் கத்துவது போல இல்லை. நீளமாக, கீழே இறங்கும் குரலில்.

மச்சான் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தார். பூனையின் மயிர் சிலிர்த்தது. உடம்பு இரண்டு மடங்கானது. இருக்கிற அரைக் காதும் தலையோடு ஒட்டிக்கொண்டது.

"கதவைச் சாத்துங்கம்மா! உள்ளேயே அடைச்சிடலாம்."

"துடைப்பத்தைக் கீழ வைங்க மச்சான்."

"கடிக்கும் மாப்ள."

"கீழ வைங்க. அதை நேராப் பாக்காதீங்க. சும்மா நில்லுங்க."

நேற்றிலிருந்து அவன் இவ்வளவு பேசியதில்லை. மச்சான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். டெய்லர் அக்கா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்தான். பூனைக்குப் பக்கவாட்டாக. சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டான். கையைத் தரையில் வைத்து, விரல்களைத் தளர்த்தி, எதிர்ச் சுவரைப் பார்த்தான். அவள் இப்படித்தான் உட்காருவாள். அவன் வாசல்படியில் டீயோடு நின்று பார்த்திருக்கிறான். ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

சிலிர்த்த மயிர் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முதலில் விரல்களில் ஈரமாக ஒரு மூக்கு பட்டது. பிறகு மணிக்கட்டில் தலை முட்டியது.

அவன் தடவினான். நெற்றியிலிருந்து கழுத்துவரை. ஒன்று. எலும்பு கையில் தட்டியது. இரண்டு. அந்தப் பாட்டுச் சத்தம் தொடங்கியது. மூன்று. கண்ணை மூடியது. நான்கு. வால் நுனி ஒரு அங்குலம் ஆடியது.

அவன் பார்த்தான். கையை எடுத்திருக்க வேண்டும்.

ஐந்து.

தெரிந்தேதான் செய்தானா என்று பிறகு பலமுறை யோசித்தும் அவனால் தீர்மானிக்க முடியவில்லை.

நான்கு காலும் ஒரே சமயத்தில் அவன் முன்கையைச் சுற்றின. பல் இறங்கியது. டெய்லர் அக்கா "ஐயோ" என்றார். அவன் கையை இழுக்கவில்லை. உடம்பு முழுவதும் இழு இழு என்றது. மூச்சை மெதுவாக விட்டான். கையை மரக்கட்டையாக வைத்துக்கொண்டான். பின்னங்கால் நகங்கள் ஒரு தடவை தோலை உழுதன. நின்றன. பூனை அப்படியே கவ்விக்கொண்டு அவனைப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பல் தளர்ந்தது. பிறகு விட்டது. பிறகு, கடித்த இடத்தையே, தன் குட்டியைப் போல, இரண்டு முறை நக்கிவிட்டு அவன் தொடையில் முதுகைச் சாய்த்துப் படுத்தது.

அவன் முன்கையில் நான்கு கோடுகள். மணிக்கட்டில் இரண்டு புள்ளிகள்.

அத்தை கிட்டே வந்தார். குனிந்தார். அவன் கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நேற்று ஒரு கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாரே, அதே மாதிரி பிடித்திருந்தார். புள்ளிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியின் மேல் அவருடைய கட்டைவிரல் நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"எழுந்திரிங்க மாப்பிள்ளை," என்றார். "சோப்பு எங்க இருக்கு?"

குழாயடியில் அவரே கழுவிவிட்டார். தண்ணீர் ஓட ஓட, சொல்லாமல் கொள்ளாமல் அவர் தோள் குலுங்கியது. அவன் கையை இழுக்காமல் நின்றான்.

"நீங்களும் ஊசி போட்டுக்கணும்," என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"அதுக்குப் போட்டிருக்கு, அத்தை. அவதான் கொண்டு போனா. நானும் நாளைக்குப் போறேன்."

கூடத்தில் மச்சான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவன் வந்து பெட்டியை நகர்த்தி வைத்தபோது, "நான் வேற என்னவோ…" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அவனும் முடிக்கச் சொல்லவில்லை. மச்சான் எழுந்துபோய், நேற்றுச் சமைக்காமல் மிஞ்சியிருந்த மீனை ஃபிரிட்ஜில் தேடி எடுத்தார். "வேகவெச்சுத்தானே கொடுக்கணும்? பச்சையா வெச்சா தின்னுமா துரை?"

"வேகவெச்சு. முள் எடுத்துட்டு."

"சரிதான். எனக்கே யாரும் முள் எடுத்துத் தர்றதில்ல."

மீன் வேகும்வரை அவன் அத்தையிடம் வால் நுனி, காது, எண்கள் எல்லாவற்றையும் அவள் சொன்ன மாதிரியே சொன்னான். பத்தே காலுக்குக் கூண்டுக்காரர் வந்தார். கையில் கம்பிக் கூண்டு, தோளில் சாக்கு. அத்தை வாசலை மறித்து நின்றார்.

"பூனை எங்கம்மா?"

"தூங்குது."

"ஆளைக் கடிச்ச பூனைன்னாங்களே?"

"சொல்லிட்டுத்தான் கடிக்கும். கேக்கத் தெரிஞ்சவங்க இருந்தா போதும். நீங்க போயிட்டு வாங்கப்பா."

கூண்டுக்காரர் டெய்லர் அக்காவைப் பார்த்தார். டெய்லர் அக்கா பிளாஸ்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொண்டு வரும் வண்டிக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. கீழே தெருவில் நாற்காலிகள் இறக்கும் சத்தம். அவளோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு இரண்டு பேராக வந்து மாடிப்படியில் நின்றார்கள். அத்தை மறுபடி காலண்டர் முன்னால் போய் நின்றார். இப்போது தாள் தாளாகப் புரட்டி அதை வேறு மாதிரி படித்தார். மூன்று, மூன்று, இரண்டு, நான்கு. ஏழு சைபர். ஒன்று. ஐந்து. ஆறு. திங்கட்கிழமை எட்டு. உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றார்.

"செவ்வாய்க்கிழமை எழுதலையே. நேத்துக் காலைல பூனையைத் தடவலையா?"

"தடவினா, அத்தை."

"உங்ககிட்டதான் கடைசியாப் பேசியிருக்கா." திரும்பாமல் கேட்டார். "ஏதாவது சொன்னாளா?"

நேற்றிலிருந்து எல்லோரும் இதைக் கேட்டிருந்தார்கள். அவன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. சொல்லும்படி எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தான்.

நேற்றுக் காலை அவனுக்கு நேரமாகிவிட்டிருந்தது. கையில் பெட்டியோடு, ஒரு காலில் ஷூவோடு வாசலில் நின்றான். பால்கனியிலிருந்து அவள் கத்தினாள், எழுதிவிட்டுப் போகும்படி, தன் கை முழுக்க மீன் என்று. சாயங்காலம் வந்து எழுதுகிறேன் என்றான் அவன்.

அத்தை பென்சிலை நூலோடு இழுத்து அவனிடம் நீட்டினார். அவன் வாங்கினான். கோடுகள் விழுந்த கை கொஞ்சம் எரிந்தது. செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் பென்சில் நுனியை வைத்தான். இரண்டு அறைகளைத் தாண்டி வாசல்வரை கேட்பதற்காக அவள் குரலை உயர்த்தியிருந்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாளா என்பது மட்டும் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"ஒன்பதுங்க! ஞாபகம் வெச்சுக்கோங்க. வந்து எட்டுன்னு போட்டுடாதீங்க."